பெங்களூரிலிருந்து அரியலூர்க் கடலுக்கு: புதைபடிவப் பாறைகளை வரிசையாகப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

அல்சூரில் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு செருப்புப் பெட்டி இருக்கிறது. உள்ளே 23 கற்கள். நத்தை மாதிரிச் சுருண்டது, சிப்பி மாதிரி மடிந்தது, தோட்டா மாதிரிக் கூரானது என்று எல்லாம், ஒரு காலத்தில் கடலாக இருந்த அரியலூர், பெரம்பலூர் பக்கம் முதல் தடவை போனபோது நானும் அக்கா மகனும் ஆசை ஆசையாகப் பொறுக்கி வந்தவை. ஊர் திரும்பியதும் புவியியல் சொல்லிக்கொடுக்கும் ஒரு பேராசிரியரிடம் பெட்டியோடு போனோம். ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர், எந்த அடுக்கு?" என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். "அப்போ இனிமேல் இது அழகான கல், அவ்வளவுதான்" என்று சொல்லிப் பெட்டியை மூடிக் கொடுத்தார்.

அவர் சொன்னது கடுமையாகத் தெரிந்தாலும் உண்மை. ஒரு புதைபடிவத்தின் வயது, அது வாழ்ந்த கடலின் ஆழம், கூட யார் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் அது கிடந்த அடுக்கில்தான் எழுதியிருக்கிறது. அடுக்கிலிருந்து பிடுங்கினால் அந்தச் செய்தி போய்விடும். அதற்குப் பிறகு இரண்டு தடவை போய்வந்தோம். ஒரு கல்லும் எடுத்து வரவில்லை, ஆனால் முதல் தடவையைவிடப் பல மடங்கு அதிகமாகப் பார்த்தோம். அந்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் ஒரு நீண்ட வார இறுதியில் போய்வரலாம்.

படி 1: லால்பாக்கில் தொடங்குங்கள்

பயணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் லால்பாக் போங்கள். கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறை மேல் ஏறி உட்காருங்கள். தீபகற்ப நைஸ் என்று சொல்லப்படும் அந்தப் பாறைக்குச் சுமார் 300 கோடி வயது, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதைத் தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. அதில் எவ்வளவு தேடினாலும் ஒரு சிப்பி கிடைக்காது. பூமிக்குள் ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறிய பாறை அது. போதாததற்கு அந்தக் காலத்தில் நுண்ணுயிர்களைத் தவிர வேறு உயிரே கிடையாது. வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய விலங்குகள் வர அதற்குப் பிறகு 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இதைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே தோட்டத்தில் வைத்திருக்கும் கல்லாகிப்போன மரத்தண்டைத் தேடிப் போங்கள். சுமார் 2 கோடி ஆண்டு பழைய மரம், திருவக்கரையிலிருந்து வந்தது. ஆமாம், வக்கிரகாளியம்மன் கோயில் இருக்கிற அதே திருவக்கரைதான். தண்டின் மேல் நார், வளையம், கணு எல்லாம் மரமாகவே தெரியும், தட்டினால் கல். மரம் மண்ணுக்குள் புதைந்து, மக்குவதற்கு முன்பே சிலிக்கா கரைந்த தண்ணீர் அதன் திசுக்களுக்குள் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே படிந்துவிட்டது. இந்த ஒரு தண்டைக் குழந்தைகள் பத்து நிமிடம் கவனித்துப் பார்த்தாலே "எலும்பு எப்படிக் கல்லாச்சு?" என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். விஸ்வேஸ்வரய்யா அருங்காட்சியகத்தில் அசையும் டைனோசர் பொம்மையைப் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

படி 2: வரைபடத்தை மேற்கிலிருந்து கிழக்காகப் படியுங்கள்

இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். அடுக்கி வைத்த தோசைகளைக் கிழக்குப் பக்கம் லேசாகச் சரித்துவிட்டு, மேலே நீட்டிக்கொண்டிருப்பதைச் சமமாகச் சீவிவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு தோசையின் ஓரமும் ஒரு பட்டையாகத் தெரியும்: மேற்கே அடியில் கிடந்த பழைய தோசை, கிழக்கே போகப் போகப் புதிது. பெரம்பலூர், அரியலூர், திருச்சி மாவட்டங்களில் இருக்கும், டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டமான கிரிடேசியஸ் காலத்துப் பாறைகள் கிட்டத்தட்ட இப்படித்தான் கிழக்கே சாய்ந்து கிடக்கின்றன. மேற்கு ஓரத்தில் நம் லால்பாக் பாறையின் உறவுக்காரப் பழம்பாறை. அதன் மேல் ஊட்டத்தூர்த் தொகுதி என்கிற பாறை அடுக்குகளின் கூட்டம், அடுத்தது திருச்சிராப்பள்ளித் தொகுதி, அப்புறம் அரியலூர்த் தொகுதி, கடைசியில் நின்னியூர். மேற்கிலிருந்து கிழக்கே 40 கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் சுமார் 11 கோடி ஆண்டுகளுக்கு முன்னாலிருந்து 6 கோடிச் சொச்சம் வரை கடந்துவிடுவீர்கள்.

கடல் அங்கே எப்படி வந்தது என்று அக்கா மகன் கேட்டான், நியாயமான கேள்வி. இன்றைக்கு, நாம் முதலில் போகப்போகும் காரை கிராமத்திலிருந்து கடற்கரை சுமார் 100 கிலோமீட்டர். அன்றைக்கு இந்தியா அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டியிருந்து பிரிந்து வந்த புதிதில், கிழக்கு ஓரம் விரிசல் விட்டுத் தாழ்ந்து, காவிரிப் படுகை என்று இப்போது சொல்கிற பள்ளம் உண்டாயிற்று. அதற்குள் கடல் ஏறியது, பின்வாங்கியது, மறுபடி ஏறியது. ஒவ்வொரு தடவையும் சேறு, மணல், சுண்ணாம்பு என்று எதையாவது விட்டுவிட்டுப் போனது.

இதை முதலில் கவனித்து எழுதியவர்களின் கதையும் நல்ல கதை. 1840களில் காய், கன்லிஃப் என்று சென்னை ராஜதானியில் வேலை பார்த்த இருவர் இந்தப் பக்கம் சேகரித்த படிவங்களை லண்டனுக்கு அனுப்ப, 1846இல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அவற்றை விவரித்து எழுதினார். 1862இல் ஹென்றி பிளான்ஃபோர்ட் ஊர் ஊராக நடந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்றாகப் பிரித்தார். பின்னால் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானவரும் இவர்தான். பிறகு வந்த ஸ்டோலிட்ஸ்கா இந்தக் கடல் உயிர்களை நான்கு பெரிய புத்தகங்களில் வரைந்து வகைப்படுத்தினார். 1874இல் மத்திய ஆசியப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில் லடாக்கில் 36 வயதில் இறந்துபோனார். இன்றும் உலகத்தில் எங்கே கிரிடேசியஸ் காலத்து அம்மோனைட் என்ற சுருண்ட ஓட்டுக் கடலுயிரைப் பற்றி எழுதினாலும் அவர் பெயரைத் தொடாமல் போவது கஷ்டம்.

பாறைகளுக்கு வைத்த பெயர்களைக் கவனியுங்கள்: காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, ஓட்டக்கோவில், கல்லமேடு, நின்னியூர். எல்லாம் நம் ஊர்ப் பேருந்துப் பலகையில் பார்க்கிற பெயர்கள். உலகப் புவியியல் ஆய்விதழ்களில் அப்படியே இருக்கின்றன. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாமல் பெங்களூரில் வளர்ந்த பிள்ளை இந்த ஏழு பெயரையும் ஒரு தாளில் மேற்கிலிருந்து கிழக்காக எழுதி வண்டியில் ஒட்டி வைத்தான். அதுதான் எங்கள் வரைபடம்.

படி 3: எப்போது போவது, என்ன கொண்டுபோவது

தை, மாசி. முதல் தடவை நாங்கள் மே மாதம் போய், பதினோரு மணிக்குமேல் வெளியே நிற்க முடியாமல் திரும்பினோம். காரைப் பக்கம் நிழலே கிடையாது, சீமைக்கருவேல முள்தான். மழைக்காலத்தில் போனால் களிமண் செருப்போடு காலைப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் சொன்னதுதான் சரியான யோசனை: "மழை பேஞ்சு ஓஞ்சு, மண்ணு காஞ்ச பொறவு வாங்க கண்ணு, அப்பதான் புதுசு புதுசா கல்லு மேல வரும்." ஒவ்வொரு மழையும் மேல்மண்ணைக் கழுவி அடுத்த வரிசையைத் திறந்து வைக்கிறது.

விடியற்காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் சில்க் போர்டு, ஓசூர் ரோடு நெரிசலுக்கு முன்னால் தப்பித்துவிடலாம். கிருஷ்ணகிரி, சேலம், ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர், 300 கிலோமீட்டருக்குமேல் வரும். ரயிலில் போகிறவர்கள் இரவு ஏறித் திருச்சியில் இறங்கி அங்கிருந்து வண்டி வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் கூட வந்தால் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வழியில்தான் இருக்கிறது, திங்களும் வெள்ளியும்தான் முக்கியமான தரிசன நாட்கள், அதைப் பார்த்துத் தேதி போடுங்கள்.

கையில் வேண்டியவை: ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, முள் குத்தாத ஷூ, ஒரு நோட்டு, பென்சில், நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கிற மாதிரியான பத்து மடங்கு லென்ஸ், ஒரு பத்து ரூபாய் நாணயம். சுத்தியல் வேண்டாம். நிஜமாகவே வேண்டாம்.

பத்து ரூபாய் நாணயம் எதற்கு என்றால், அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். எந்தப் படிவத்தைப் படம் எடுத்தாலும் பக்கத்தில் அதை வைத்துவிட்டால் அளவு தெரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் மூன்று படம்: தூரத்திலிருந்து அந்த இடம் முழுக்க, இரண்டடி தூரத்திலிருந்து சுற்றியுள்ள மண்ணோடு, அப்புறம் நாணயத்தோடு கிட்டத்தில். ஃபோனில் இருப்பிடம் பதிவாகும்படி வைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் நான்கே வரி போதும்: ஊர், மண்ணா மணற்கல்லா சுண்ணாம்புக்கல்லா, படிவம் பாறைக்குள் பதிந்திருந்ததா அல்லது தளர்ந்து மேலே கிடந்ததா, கூட வேறு என்ன இருந்தது. மூன்றாவது வரியை யாரும் எழுதுவதில்லை, ஆனால் மேலே கிடந்தது என்றால் மழைநீர் வேறு இடத்திலிருந்து உருட்டி வந்திருக்கலாம், அதனால் அது மிக முக்கியம்.

படி 4: காரை

பாடாலூரிலிருந்து கிழக்கே திரும்பிக் காரை போய்ச் சேருங்கள். ஊர் தாண்டியதும் நிலம் திடீரென்று மாறும். பச்சை போய், மஞ்சளும் சாம்பலும் செம்பழுப்புமாய் மண் மேடுகள், அவற்றைக் கீறிக்கொண்டு நூற்றுக்கணக்கான வாய்க்கால்கள். மழை அரித்து அரித்துப் பண்ணிய நிலம் இது. வெயில் சாய்ந்து அடிக்கும்போது தரையெல்லாம் கண்ணாடிச் சில்லு இறைத்த மாதிரி மின்னும். அது கண்ணாடி இல்லை, ஜிப்சம். விரல் நகத்தால் கீறினால் கோடு விழும். களிமண்ணின் வெடிப்புகளில் படிந்து நெடுக்கும் குறுக்குமாக ஓடுகிறது.

இந்தக் களிமண்தான் ஊட்டத்தூர்த் தொகுதியின் காரை அடுக்கு. சுமார் 11 கோடியிலிருந்து 9 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை இருந்த கடலின் அடிச்சேறு. அவசரமாக நடக்காதீர்கள். ஒரு வாய்க்காலின் அடியில் உட்கார்ந்து, இரண்டு சதுர அடி மண்ணைப் பத்து நிமிடம் பாருங்கள். முதல் மூன்று நிமிடம் ஒன்றும் தெரியாது. அப்புறம் கண் பழகிவிடும், வடிவங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும்.

அநேகமாக முதலில் கண்ணில் படுவது பெலம்னைட். விரல் நீளம், ஒரு முனை கூர், தேன் நிறமோ பழுப்போ. கணவாய் மாதிரியான ஓர் உயிரின் உடம்புக்குள் இருந்த கெட்டியான முள் இது. உடைந்த முனையை லென்ஸ் வைத்துப் பார்த்தால் நடுவிலிருந்து சைக்கிள் சக்கரத்துக் கம்பிகள் மாதிரிப் படிகங்கள் விரியும். அது தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்தது அம்மோனைட். இதுவும் கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் சொந்தம், ஆனால் வெளியே சுருண்ட ஓட்டோடு வாழ்ந்தது. ஓட்டுக்குள் வரிசையாக அறைகள், கடைசி அறையில் உயிர், மற்றவற்றில் வாயு, அதை வைத்துத்தான் மிதந்தது. பெருமாள் வீட்டுப் பூஜையில் சாளக்கிராமம் பார்த்திருப்பீர்கள். கண்டகி நதியிலிருந்து வருகிற அந்தக் கறுப்புக் கல்லுக்குள் சக்கரமாகத் தெரிவதும் அம்மோனைட்தான், இங்கே கிடப்பதைவிட அது இன்னும் பழையது. என் பாட்டி தினமும் துளசி வைத்துக் கும்பிட்ட வடிவத்தைக் காரையில் வெறும் மண்ணில் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சுருண்டிருப்பதெல்லாம் அம்மோனைட் இல்லை. நத்தை என்றால் சுருள் ஒரு பக்கமாகக் கோபுரம் போல எழும்பும், உள்ளே அறைகள் இருக்காது. அம்மோனைட் பெரும்பாலும் ஒரே தளத்தில், கயிற்றைத் தரையில் சுற்றி வைத்த மாதிரிச் சுருளும். அம்மோனைட்டுக்குச் சொந்தமான நாட்டிலஸ் என்ற கடலுயிரும் அப்படித்தான் சுருளும், ஆனால் ஓட்டின் மேல்தோல் போன இடத்தில் அறைச்சுவர் வெளி ஓட்டைத் தொடும் கோட்டைப் பாருங்கள். நாட்டிலஸில் அது சாதாரண வளைவு. அம்மோனைட்டில் கொத்தமல்லி இலை ஓரம் மாதிரி நெளிந்து நெளிந்து போகும். இந்த ஒரு அடையாளத்தை இங்கேயே கற்றுக்கொள்ளுங்கள், கடைசிப் படியில் தேவைப்படும். சுருளாமல் கம்பி மாதிரி நேராக வளர்ந்த அம்மோனைட்டுகளும் உண்டு, அவற்றையும் இந்த நெளிவை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

பெரிய விலங்குகள்? இருந்தன. டால்பின் உருவத்தில் இருந்த கடல் ஊர்வனவான இக்தியோசர்களின் எலும்பும் பல்லும் காரை அடுக்கில் கிடைத்து, 2011இல் ஆய்வாக வெளிவந்தது. இந்த இனம் டைனோசர்கள் அழிவதற்கு வெகு முன்பே, சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் உலகத்திலிருந்தே போய்விட்டது, ஆக நீங்கள் நிற்பது அவற்றின் கடைசிக் காலத்துக் கடல்களில் ஒன்றில். சுறாப் பற்களும் உண்டு. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு, அது மக்கிவிடும். ஆனால் அது வாழ்நாள் முழுக்கப் பல்லை உதிர்த்துக்கொண்டே இருக்கும் என்பதால் பல் மட்டும் ஏராளமாகத் தங்கிவிடுகிறது. டைகோடஸ் என்று ஒரு சுறாவுக்குக் கிழிக்கிற பல்லே கிடையாது, அம்மிக்கல் மாதிரித் தட்டையான, மேலே வரிவரியான பற்கள். சிப்பிகளை நொறுக்கித் தின்றது.

எல்லாவற்றையும் கிடந்தபடியே விட்டுவிடுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் அதே இடத்தில் அதே பக்கமாக வையுங்கள்.

நேரமிருந்தால் தெற்கே கல்லக்குடிப் பக்கம் ஒரு சுற்று. 1953இல் பெயர் மாற்றப் போராட்டம் நடந்த அதே கல்லக்குடிதான், ரயில் நிலையப் பலகையில் இப்போது கல்லக்குடி பழங்காநத்தம் என்று இருக்கும். டால்மியா சிமெண்ட் ஆலை அந்த ஊரைத் தேடி வந்த காரணமே அங்கே இருந்த சுண்ணாம்புக்கல், அந்தச் சுண்ணாம்புக்கல்லில் ஒரு பங்கு பழைய கடலின் பவளத்திட்டு. சுரங்கத்துக்குள் அனுமதி இல்லாமல் போகவே கூடாது, வெடி வைக்கிற இடம்.

படி 5: சாத்தனூர் மரமும் கருடமங்கலம் கல்லும்

காரையிலிருந்து கிழக்கே நகர்ந்தால் திருச்சிராப்பள்ளித் தொகுதி. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப்போன ஒரே மரத்தண்டு படுத்துக் கிடக்கிறது. 1940இல் இதைப் பதிவு செய்தவர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சைப் பக்கத்துக்காரர், பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரானார். பூக்காத ஊசியிலை மரவகை. கரையிலிருந்து ஆற்றோடு அடித்து வந்து கடல் ஓரத்துச் சேற்றில் புதைந்திருக்கிறது. லால்பாக் தண்டை ஏற்கனவே பார்த்திருப்பதால் குழந்தைகள் தாங்களே வித்தியாசம் சொல்வார்கள்.

வயது பற்றி ஒரு வார்த்தை. பரவலாகச் சொல்லப்படுவது 12 கோடி. ஆனால் அந்தத் தண்டு கிடக்கிற பாறைத் தொகுதிக்கு அதிலுள்ள அம்மோனைட்டுகளை வைத்துச் சொல்கிற வயது சுமார் 9 கோடி. நான் இரண்டாவதையே எடுத்துக்கொள்வேன். காரை அடுக்குக்கு மேலே இருப்பது அதைவிட மூத்ததாக இருக்க முடியாது, தோசைக் கணக்கு அவ்வளவுதான்.

கருடமங்கலத்துக் கல்லை வெள்ளைக்காரர்கள் திருச்சிராப்பள்ளி மார்பிள் என்றார்கள். மார்பிள் இல்லை, சிப்பி நெருக்கியடித்துக் கிடக்கிற சுண்ணாம்புக்கல். பாலிஷ் போட்டால் இருண்ட கல்லில் வெள்ளை வெள்ளையாய் நத்தையும் சிப்பியும் மலரும். புயலோ அலையோ கரையோரம் வாரிக் குவித்த ஓடுகள் அப்படியே இறுகிப்போனவை.

அன்றைக்குச் சாயங்காலம் பெரம்பலூர் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் அம்மோனைட்டுகள் மையத்தையும், மறுநாள் அரியலூர் பக்கம் வாரணவாசி அருங்காட்சியகத்தையும் பாருங்கள். திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். முதலில் வெளியே பார்த்துவிட்டு அப்புறம் அருங்காட்சியகம் போவதுதான் நல்லது, அப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது தெரிந்தவர் முகம் மாதிரித் தெரியும்.

முட்டை விஷயம். இந்தப் பக்கம் குளமோ ஏரியோ தூர்வாரினால் உருண்டை உருண்டையாய்க் கற்கள் வரும், உடனே டைனோசர் முட்டை என்று வாட்ஸப்பில் பரவும். 2020இல் குன்னத்தில் அப்படித்தான் ஆயிற்று. அவை முட்டை இல்லை, கற்திரள். சேற்றுக்குள் ஏதோ ஓர் ஓடு மக்கும்போது அதைச் சுற்றித் தாதுக்கள் சேர்ந்து உருண்டையாக இறுகும், உடைந்த உருண்டைக்குள் சில சமயம் அம்மோனைட்டே உட்கார்ந்திருக்கும். உண்மையான முட்டை என்றால் வெளியே மெல்லிய தனி ஓடு தெரியவேண்டும், அதில் நுண்துளைகள் இருக்கவேண்டும்.

படி 6: கல்லங்குறிச்சியில் சிப்பி மேட்டின் மேல்

இரவு கங்கைகொண்டசோழபுரம் பக்கமோ அரியலூரிலோ தங்கிவிட்டு, காலையில் கல்லங்குறிச்சி. கலியுக வரதராசப் பெருமாளைக் கும்பிட வருகிற எத்தனையோ பேருக்குத் தாங்கள் நிற்கிற ஊரின் பெயரில் சுமார் 7 கோடி ஆண்டு பழைய ஒரு கடலடி இருப்பது தெரியாது. இங்கே அரியலூர்த் தொகுதி. கடல் இப்போது ஆழமில்லாத, வெதுவெதுப்பான, தெளிந்த கடல். கிரிஃபியா என்ற சிப்பி, ஒரு மூடி தடித்து வளைந்து குழிந்தது, மற்றது தட்டையான மூடி, ஆயிரக்கணக்கில் ஒன்றின் மேல் ஒன்றாக. கடல் முள்ளெலிகளின் உருண்டையான ஓட்டின் மேல் ஐந்து இதழ்ப் பூக்கோலம் பார்க்கலாம். ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சுண்ணாம்புக் காளவாயில் கிளிஞ்சல் சுட்டது நினைவிருக்கும். சிமெண்ட் ஆலை செய்வதும் அடிப்படையில் அதுதான், இந்தச் சிப்பிகளைச் சுட்டுத்தான் சிமெண்ட். நம் பெங்களூர் வீட்டுச் சுவரில்கூட இவை கொஞ்சம் இருக்கலாம். சுரங்கங்கள் அனைத்தும் வேலி போட்ட இடங்கள், ஆலை அலுவலகத்தில் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கினால் மட்டும் உள்ளே போங்கள், இல்லையென்றால் சாலையோரம் வெட்டுப்பட்ட இடங்களே போதும்.

படி 7: கல்லமேடு

இங்கே பார்க்க ஒன்றும் இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஓடை, மணல், களிமண், முள். ஆனாலும் போகச் சொல்வேன்.

இந்த மண்ணில் கடல் வாசனை இல்லை. கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணலும் சேறும், டைனோசர் காலத்தின் கடைசிப் பகுதி. பிளான்ஃபோர்ட் காலத்திலிருந்தே இந்தப் பக்கம் எலும்புகள் கிடைத்து வந்தன. 1980களின் கடைசியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் கல்லமேட்டு எலும்புகளை விவரித்து, புருகத்காயோசரஸ் மேட்லேயி என்று பெயர் வைத்தார்கள். புருகத் காயம், பேருடம்பு. மேட்லி என்பவர் இந்தப் பகுதியில் முன்பு டைனோசர் எலும்பு தேடியவர். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் ஒரு பகுதி, அதோடு ஒரு கணைக்கால் எலும்பு. அந்தக் கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர். உங்கள் வீட்டு நிலைவாசலை நிமிர்ந்து பாருங்கள், முழங்காலுக்குக் கீழே மட்டும் அவ்வளவு உயரம்.

முதலில் அதை மாமிசம் தின்கிற வகை என்று நினைத்தார்கள், பிறகு நீண்ட கழுத்துள்ள, தழை தின்கிற டைட்டனோசர் வகை என்று ஆயிற்று. எலும்பே இல்லை, கல்மரம் என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு, சாத்தனூரைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தச் சந்தேகம் ஏன் வந்தது என்று புரியும். எலும்பை மறுபடி எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வழியில்லை. ஈரமும் வெயிலும் மாறி மாறிப் பட்ட மண்ணில் அவை மிகவும் நொய்ந்திருந்தன, நொறுங்கிப் போய்விட்டன. பல ஆண்டுகள் கோட்டுப்படங்கள் மட்டுமே இருந்தன. 2022இல் பால் என்பவரோடு சேர்ந்து அய்யாசாமியே பழைய புகைப்படங்களை வெளியிட்டார், அதற்குப் பிறகு அது டைட்டனோசர்தான் என்ற வாதம் பலப்பட்டிருக்கிறது. பூமியில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருக்கலாம். அதற்குச் சாட்சியாக நம்மிடம் மிஞ்சியிருப்பது சில படங்களும் அளவுகளும். நான் நோட்டு, நாணயம், மூன்று படம் என்று இவ்வளவு வற்புறுத்துவதற்கு இந்த ஓடைதான் காரணம்.

அதே கல்லமேட்டில் நேர்மாறான இன்னொன்று. 2013இல் ஒரே ஒரு சின்னப் பல்லை ஆய்வாளர்கள் விவரித்தார்கள். ட்ரூடான்டிட் என்ற, பறவைகளுக்கு நெருங்கிய, சிறிய டைனோசர் குடும்பத்தின் பல். அதுவரை அந்தக் குடும்பம் வடக்குக் கண்டங்களில் மட்டும் இருந்ததாக எண்ணியிருந்தார்கள். தெற்கில், தனித் தீவாக மிதந்துகொண்டிருந்த இந்தியாவில் அது எப்படி என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. இந்த மாதிரிச் சின்னப் பற்கள் மூட்டை மூட்டையாக மண்ணைத் தண்ணீரில் கரைத்துச் சல்லடையில் அலசி, மிஞ்சியதை நுண்ணோக்கியில் பொறுக்கினால்தான் கிடைக்கும்.

படி 8: நின்னியூர்

செந்துறைப் பக்கம், கிழக்கே கடைசிப் பட்டை. மறுபடி கடல், மறுபடி சுண்ணாம்புக்கல், மறுபடி சிப்பி, நத்தை. ஆனால் இடையில் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பேரழிவு நடந்து முடிந்துவிட்டது. மெக்சிகோவில் விண்கல் விழுந்ததும், அதே காலத்தை ஒட்டித் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகி ஓடியதும் தெரிந்த கதை. டைனோசர்கள் போனதோடு அம்மோனைட்டுகளும் முழுக்கப் போய்விட்டன.

இங்கே ஒரு வேலை செய்யுங்கள். ஆளுக்கு அரை மணி நேரம் அம்மோனைட் தேடுங்கள். சுருண்ட ஓடு கிடைத்தால் ஓடிப்போய் லென்ஸ் வைத்து அறைக்கோட்டைப் பாருங்கள். ஹெர்கோகிளாஸா டானிகா என்று ஒரு நாட்டிலஸ் வகை நின்னியூர்ப் பாறைக்கே அடையாளம் மாதிரி. கோடு பெரிய அலையாக வளையும், கொத்தமல்லி இலை மாதிரி நெளியாது. ஒரே கடலில், ஒரே மாதிரி ஓட்டோடு, பக்கத்துப் பக்கத்தில் மிதந்த இரண்டில் ஒன்று தப்பித்தது. நாட்டிலஸ் இன்றைக்கும் பசிபிக் கடலில் நீந்துகிறது.

அக்கா மகன் அன்றைக்கு வெயிலில் முகம் சிவக்கத் தேடிவிட்டு வந்து, "மாமா, ஒண்ணுகூட இல்ல" என்றான். அதையும் எழுதச் சொன்னேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவன் கையெழுத்தில், எழுத்துக் கூட்டி, இப்படி இருக்கிறது: நின்னியூர். சுண்ணாம்புக்கல். அரை மணி நேரம். நத்தை 6, சிப்பி நிறைய, நாட்டிலஸ் 1, பாறைக்குள். அம்மோனைட் இல்லை.